ஊமைக் கூம்பு

பக்கவாட்டுக் கதவைச் சபை ஊழியர் டீக்கன் வில்பர்ட்தான் திறந்துவிட்டார். கைவிரல்களில் சோள மாவு ஒட்டியிருந்தது. சனிக்கிழமை என்றால் எங்கள் கிறிஸ்தவ சபையின் நிலவறையில் கெளுத்தி மீன் பொரிப்பார்கள். ஒரு பக்கம் ஸ்பகெட்டி, ஒரு பக்கம் கோஸ், மேலே ஒரு துண்டு ரொட்டி. மேற்கு சிகாகோவில் எங்கள் தெருவே வரிசையில் நின்று வாங்கிப்போகும். பனி பெய்தாலும் வரிசை குறையாது.

"வந்துட்டியா இன்ஜினியரம்மா. வழி மறந்திருக்கும்னு நெனச்சேன்."

"மறக்கத்தான் பாத்தேன் டீக்கன். முடியல."

"நாக்கு மட்டும் துருப்பிடிக்கல உனக்கு." சிரித்தார். என் கருவிப்பெட்டியை வாங்கிக்கொண்டு ஆராதனைக் கூடத்தின் வாசல் வரை நடந்தார். வாசலில் பெட்டியைக் கீழே வைத்தார். உள்ளே வரவில்லை.

"அடுப்புல எண்ணெய் காயுது. நீ போ."

"மூணு பேரு நிக்கறாங்க அடுப்புகிட்ட."

"இருக்கட்டும்." அவர் என்னைப் பார்க்காமல் கூடத்தின் மூலையைப் பார்த்தார். "அந்தத் துணி கீழ கெடக்கும். காலைல நான்தான் போத்தினேன். நேத்தும் நான்தான். எடுத்து மடிச்சு வச்சுரு. இனிமே நான் போத்தறதா இல்ல."

அவர் படி இறங்கும் சத்தம் வழக்கத்தைவிட வேகமாகக் கேட்டது.

எங்கள் சபைக் கட்டடம் முன்பு மரச்சாமான் கடையாக இருந்தது. கடையின் பெரிய கண்ணாடி ஜன்னலுக்குச் சிலுவை வரைந்து வண்ணம் பூசிவிட்டார்கள். அதனால் உள்ளே வரும் வெளிச்சம் எப்போதும் கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் ஊதா. அது டிசம்பர் மாதம். மதியச் சாப்பாட்டு வேளை தாண்டியதுமே இருட்டத் தொடங்கிவிடும். பழைய கம்பளத்தின் ஈர வாடை, எலுமிச்சை மெழுகு வாடை, கீழிருந்து ஏறிவரும் எண்ணெய் வாடை எல்லாம் ஒன்றாக நின்றன. மூலையில் ஆர்கன். அதன் பக்கத்தில் என் மார்பு உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி. தெரியாதவர்கள் துணி அலமாரி என்று நினைப்பார்கள்.

பெட்டியின் முன்னால் தரையில் வெள்ளைத் துணி கிடந்தது.

நழுவி விழுந்த துணி குவியலாகக் கிடக்கும். இது அப்படிக் கிடக்கவில்லை. யாரோ இழுத்து எறிந்தது போலத் தள்ளிப் போய், விரிந்து கிடந்தது.

எங்கள் கட்டடத்தின் பின்னால் மேம்பாலத்தில் ரயில் ஓடுகிறது. அதிர்வில் விழுந்திருக்கும். நான் படித்தவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். மின்னணுப் பொறியியல். எனக்கு முதலில் ரயில்தான் நினைவுக்கு வர வேண்டும், வந்தது.

துணியைத் தொட எனக்குப் பிடிக்கவில்லை. காலால் ஒதுக்கினேன்.

இந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. ஆர்கன் வெறும் கட்டைகள்தான். அதற்குக் குரல் இந்தப் பெட்டியிலிருந்து வருகிறது. உள்ளே இரண்டு ஸ்பீக்கர். கீழே உள்ளது பெரிது. தலைகீழாகப் படுத்து, சுழலும் ஒரு மர உருளைக்குள் பாடும். கனத்த ஒலி எல்லாம் அதனுடையது. மேலே உள்ளது சின்னது. அதன் தலைமேல் இரண்டு கூம்புகள் எதிரெதிராக, தட்டாரப்பூச்சி இறக்கை போல் சுற்றும். கூரான ஒலி எல்லாம் அதன் வழியாக வரும். சுழல்வதால்தான் அந்த ஆர்கன் அழுவது போலவும் கெஞ்சுவது போலவும் கேட்கிறது. ஒலி நம்மிடம் வரும், விலகும், மறுபடி வரும்.

இரண்டு கூம்பில் ஒன்றுக்குத்தான் தொண்டை உண்டு. மற்றது அடைபட்டது. ஒரு பக்கம் மட்டும் கனம் இருந்தால் சுழலும்போது ஆடும் என்பதற்காக, எடைக்கு எடை வைத்த ஊமை.

என் அண்ணன் கார்னெல் அந்த ஊமைக் கூம்பைக் காட்டிச் சொல்வான்: "ரெனி, இது நான்தான். சபைல எல்லாரும் அந்நியபாஷை பேசறாங்க. நான் மட்டும் சும்மா சுத்திட்டிருக்கேன், அவங்க ஆடாம இருக்கறதுக்கு."

பரிசுத்த ஆவி இறங்கியவர் வாயில் வரும், யாருக்கும் விளங்காத மொழியைத்தான் அந்நியபாஷை என்போம். கார்னெல்தான் எங்கள் ஆர்கனிஸ்ட். பாஸ்டர் ட்ராமெல் பிரசங்கம் செய்யும்போது அவர் மூச்சு இழுக்கும் இடமெல்லாம் இவன் கட்டையால் பதில் சொல்வான். இவன் தூக்கிவிட்டால்தான் சபை எழுந்து ஆடும், அழும், தரையில் விழும். அத்தனை பேரையும் ஆவியில் நிரப்பியவனுக்கு ஒரு நாளும் அந்த நிறைவு வந்ததில்லை. என் அம்மா ஓடெஸ்ஸா, சபைக்கு வருபவர்களைக் கவனிக்கும் மூத்த அஷர். வெள்ளைச் சீருடை, வெள்ளைக் கையுறை. ஆவி வந்து விழுபவர்கள் மேல் துணி போர்த்துவது அவர் வேலை. ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் போர்த்திவிட்டு வீட்டுக்கு வந்து முழங்காலில் நிற்பார். ஆண்டவரே, என் பிள்ளைமேல் ஒருமுறை போர்த்தும் பாக்கியம் தாரும்.

கிடைத்தது.

போன ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, ஆராதனை உச்சத்தில் கார்னெல் கட்டைகளின் மேல் கவிழ்ந்தான். முழங்கை கீழ்வரிசையில், கால் மிதியின் மேல். ஆர்கன் ஒரே மூச்சாக அலறியது. சபை எழுந்து நின்றது. கடைசியில் இவனுக்கும் வந்துவிட்டது என்று எல்லோரும் அழுதார்கள். ஆவியானவர் தொட்டவரைத் தொடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். யாரும் தொடவில்லை. அம்மா மட்டும் பக்கத்தில் போனார். பிள்ளையின் தலைமேல் துணியைப் போர்த்தினார். முகம் முழுக்க. நாலு பேர் பார்க்காமல் அவன் கர்த்தரோடு தனியாக இருக்கட்டும் என்று.

பிறகு அவனைச் சுற்றி ஆடினார்கள். பாடினார்கள். காணிக்கை எடுத்தார்கள். கடைசியில் பாஸ்டர் கையுயர்த்தி அமைதி கேட்டார். எல்லாம் அடங்கியது. ஆர்கன் மட்டும் அடங்கவில்லை. அதற்குள் மேல் ஸ்பீக்கர் எரிந்துபோய்விட்டது. கீழ் ஸ்பீக்கர் மட்டும் கிழிந்த குரலில் முனகிக்கொண்டிருந்தது.

இதயம் தடுமாறியிருக்கிறது, ஆனால் உடனே நின்றுவிடவில்லை என்றார் மருத்துவர். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. மருத்துவமனையில் அவன் சட்டை, ஷூவோடு அந்தத் துணியையும் பையில் போட்டு என்னிடம்தான் கொடுத்தார்கள். வாய் இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் காய்ந்த கறை. வெகுநேரம் மூச்சு விட்டால்தான் அப்படிக் கறை விழும்.

அம்மாவிடம் அதைக் காட்டவில்லை. அவர் கேட்டபோது துவைத்துத்தான் கொடுத்தேன். இன்று தரையில் கிடப்பது அதே துணிதான். அடக்கத்துக்குப் பிறகு நான் சபைப் பக்கம் வரவில்லை. அம்மா அழைத்தார் என்றுதான் இன்று வந்தேன். பெட்டியை நீயே சரிபண்ணு, வெளியாளுக்கு விட மாட்டேன் என்றார். வேறு ஆர்கனிஸ்ட் நாளை முதல் வருகிறாராம்.

சரி, வேலை. வேலை என்றால் எனக்குப் பயம் இல்லை.

பின்பலகைகளைக் கழற்றினேன். பள்ளியில் படிக்கும்போது இதே பெட்டியைத் திறந்து அறுந்த பட்டையை மாற்றியிருக்கிறேன். கார்னெல் டார்ச் பிடித்தான். நான் பொறியாளர் ஆனது அன்றுதான், பட்டம் கொடுத்த அன்று இல்லை. மேல் ஸ்பீக்கரை மீட்டரில் தொட்டுப் பார்த்தேன். உயிர் இல்லை. கீழ் ஸ்பீக்கரின் காகிதம் விளிம்பில் கிழிந்திருந்தது. இரண்டுக்கும் புதியது கொண்டுவந்திருந்தேன்.

கீழ் ஸ்பீக்கரை முதலில் மாற்றினேன். மாட்டியதும் எந்த முனை கூட்டல், எந்த முனை கழித்தல் என்று சரிபார்க்க ஒரு சின்ன பேட்டரியைத் தொட்டுப் பார்ப்போம். சரியாக இருந்தால் காகிதம் வெளியே துள்ளும். எடுத்தால் பழைய இடத்துக்குத் திரும்பும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் துள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றின் ஒலியை மற்றது தின்றுவிடும்.

தொட்டேன். துள்ளியது.

எடுத்தேன். திரும்பவில்லை.

காகிதம் வெளியே உந்தியபடியே நின்றது. மூச்சை இழுத்துப் பிடித்த நெஞ்சு போல. என் கையில் பேட்டரி தனியாக இருந்தது. கம்பி எதுவும் எதையும் தொடவில்லை.

பிறகு மெல்ல, மிக மெல்ல, அது உள்ளே அடங்கியது.

புது ஸ்பீக்கர், இறுக்கமாக இருக்கும், போகப் போகச் சரியாகும் என்று வாய்விட்டே சொன்னேன். ஆளில்லாத கூடத்தில் என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஆர்கனை இயக்கினேன். பெட்டிக்குள் கண்ணாடிக் குழல் வால்வுகள் செம்மஞ்சளாகக் கனிந்தன. தூசி சூடாகும் வாடை. மர உருளை மெதுவாகச் சுழல ஆரம்பித்தது. நான் எந்தக் கட்டையையும் தொடவில்லை.

முனகல் கேட்டது.

ரயில் என்று நினைத்தேன். உண்மையிலேயே ஒரு ரயில் வந்தது, ஜன்னல் கண்ணாடி நடுங்கியது, போனது. முனகல் போகவில்லை. கிழிந்த காகிதம் என்று சொல்ல முடியாது, அதைக் கழற்றிக் கம்பளத்தில் வைத்திருக்கிறேன். கேட்கக் கேட்க அதற்கு ஏற்ற இறக்கம் இருப்பது தெரிந்தது. நிறுத்தம் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசினால் சொல் விளங்காது, குரல் மட்டும் வருமே, அப்படி.

"சாப்பிடு மொதல்ல."

திடுக்கிட்டுத் திரும்பினேன். அம்மா. கையில் தாளால் மூடிய தட்டு, மீன்மேல் காரச் சாறு.

"பசிக்கல மா."

"பொறந்ததுலேருந்து அதத்தான் சொல்ற. சாப்பிடு. எலும்பும் தோலுமா நிக்கறவள எவன் கட்டுவான்."

"எவனும் வேண்டாம்னுதான் சாப்பிடல."

அம்மா சிரிக்கவில்லை. தட்டை முதல் வரிசை இருக்கையில் வைத்தார். தலையைச் சாய்த்துப் பெட்டியைக் கேட்டார்.

"கேக்குதா ரெனி?"

"என்னது?"

"தெரியாத மாதிரி கேக்காத. நீ அப்படிப்பட்டவ இல்ல." குரலைத் தாழ்த்தினார். "அவன் பேசறான். கூட்டிப் பெருக்க வரும்போது சுவிட்சப் போட்டுட்டு உக்காந்திருப்பேன். கொரல் அவனோடதுதான். வார்த்தைதான் வெளங்கல. நீதான சொன்ன, கூரான சத்தமெல்லாம் மேல இருக்கறதுலதான் வரும், அது எரிஞ்சுபோச்சுன்னு. அதப் போட்டுட்டா வார்த்தை வந்துரும்ல?"

இதற்காகத்தான் என்னை அழைத்திருக்கிறார்.

"வந்தா என்ன பண்ணப் போற மா?"

"அன்னிக்கு அவனுக்குக் கெடைச்சுதான்னு தெரிஞ்சுக்கணும். கர்த்தர் அவனத் தொட்டாரு, அவன் வாய்ல அந்நியபாஷை வந்துச்சு, அப்படியே கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. அது மட்டும் தெரிஞ்சா போதும். ராத்திரில கொஞ்சம் கண்ண மூடுவேன்."

எனக்குள் எத்தனையோ மாதமாகக் கொதித்துக்கொண்டிருந்தது பொங்கிவிட்டது. "கெடைக்கலன்னா?"

அம்மா தன் வலது கையைப் பார்த்தார். விரல்களை விரித்து, மூடினார்.

"அப்ப நான் எதுமேலடி துணியப் போத்தினேன்?"

கீழேயிருந்து யாரோ கத்தினார்கள். "சிஸ்டர் ஓடெஸ்ஸா, ரொட்டி எங்க வச்சீங்க? ஜனங்க என்னையே பொரிச்சுத் தின்னுருவாங்க போல."

"வரேன், வரேன்." போகும்போது என் கன்னத்தைத் தொட்டார். "முடிஞ்சதும் கூப்புடு. நான் வராம கேக்காத."

அவர் போன பின் மேல் ஸ்பீக்கரைக் கையில் எடுத்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு ஒரு பேராசை வந்தது. குரல் உண்மை என்றால், வார்த்தை வரட்டும். அது என்ன வார்த்தையாக இருக்கும் என்று கறை பார்த்த எனக்குத் தெரியும். நாளை ஞாயிறு. பாஸ்டர் ட்ராமெல், டீக்கன்மார், அவனைச் சுற்றி ஆடிய அத்தனை பேரும் இதே இருக்கையில் உட்கார்ந்திருப்பார்கள். கேட்கட்டும். பொரித்த மீன் தொண்டையில் நிற்கட்டும்.

மேல் ஸ்பீக்கரைத் திருகி மாட்டினேன். புதியது, கீழ் உள்ளதைவிடக் கூரானது. அப்படியே விட்டால் ஆர்கன் கிறீச்சிடும். அதனால் நடுவில் ஒரு திருகு வைத்தேன், மேல் ஒலியைக் கூட்டிக் குறைக்க. பிறகு செய்வது காதின் வேலை. ஒரு கட்டையைப் பென்சிலால் அழுத்தி நிறுத்திவிட்டுக் கடைசி இருக்கைக்கு நடப்பேன். கேட்பேன். திரும்பி வந்து திருகைக் கொஞ்சம் நகர்த்துவேன். கட்டையை மாற்றி மறுபடி நடப்பேன். கனத்த ஒலியிலிருந்து கூரான ஒலிக்கு ஏறும்போது எந்த இடத்தில் ஒரு ஸ்பீக்கர் விட்டு மற்றது பிடிக்கிறது என்று தெரியக் கூடாது. ஒரே ஆள் பாடுவது போல் இருக்க வேண்டும்.

வந்தது. ஒரே ஆள்.

பென்சிலை எடுத்தேன். ஆர்கன் நின்றது. கூம்புகள் மட்டும் மெதுநடையில் சுற்றின. ஜன்னலின் சிவப்பும் ஊதாவும் போய்விட்டிருந்தன. விளக்கைப் போடத் தோன்றவில்லை.

வாடை மாறியது. எண்ணெய் வாடை இல்லை. துவைத்த துணி வாடை.

கூம்பு என் பக்கம் திரும்பியது.

"...மா..."

விலகிப் போய்ச் சுவரைப் பார்த்தது. சுற்றி வந்தது.

"...எடு..."

விலகியது. பீடத்தின் பக்கம் ஏதோ சொன்னது, எனக்குக் கேட்கவில்லை. சுற்றி வந்தது.

"...முடியல மா..."

பெட்டியின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து காது கொடுத்தேன்.

சுற்றுக்கு ஒரு துண்டாக வந்தது. சேர்த்துக்கொள்ள வெகுநேரம் ஆகவில்லை. அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அம்மா. துணிய எடு. மூச்சு விட முடியல மா."

கத்தவில்லை. அவன் என்றைக்கும் கத்தியதில்லை. சின்ன வயதில் குளிப்பாட்டும்போது கண்ணில் சோப்பு பட்டால் இப்படித்தான் சொல்வான், அழாமல், அம்மா மனம் நோகாமல். எடுத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை அந்தக் குரலில் இன்னும் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பக்கத்தில்தானே நிற்கிறார், அம்மாதானே, எடுத்துவிடுவார்.

அந்த ஞாயிறு நான் இங்கே இல்லை. இப்போது இருக்கிறேன். என்ன செய்வேன்? அவன் மேல் துணி எங்கே இருக்கிறது எடுப்பதற்கு?

படியில் காலடி கேட்டது. அம்மா வந்தார்.

அழைக்காமலே வந்துவிட்டார். வாசல் விளக்கு அவர் பின்னால் இருந்தது. சமையல் உடுப்பைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சீருடை போட்டிருந்தார். கையுறையும். மகன் பேசுவதைக் கேட்க உடுத்திக்கொண்டு வந்திருக்கிறார்.

கூம்பு பீடத்துப் பக்கம் திரும்பியிருந்தது. அது சுற்றி வருவதற்குள் என் கை திருகுக்குப் போனது. ஒரே திருப்பு. கடைசி வரை. மேல் ஸ்பீக்கர் அடங்கியது. கீழே பழைய முனகல் மட்டும்.

அம்மா முதல் வரிசையில், மீன் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கைகளை மடியில் வைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளை போல் நிமிர்ந்து கேட்டார். வெகுநேரம் கேட்டார்.

"சரியாகலையா?"

"ஆயிடுச்சு மா."

"எனக்கு முன்ன மாதிரியேதான் கேக்குது."

"நீ வரதுக்கு முன்னாடி தெளிவா வந்துச்சு. நான் கேட்டேன்."

"நான் வராம கேக்காதன்னு சொன்னேன்ல." கோபம் இல்லை, ஆதங்கம்தான். "சரி, சொல்லு. என்ன சொன்னான்?"

உண்மை என் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லத்தான் நான் மாதக்கணக்காகக் காத்திருந்தேன். பாஸ்டர் முகத்தில், டீக்கன் முகத்தில் எறிவதற்கு அதைத் தீட்டித் தீட்டி வைத்திருந்தேன். எதிரில் அவர்கள் யாரும் இல்லை. கையுறை போட்ட ஒரு பெண் இருந்தாள்.

"தெரியல மா."

"தெரியலன்னா?"

"எனக்குப் புரியல. நம்ம பாஷை இல்ல அது."

அம்மாவின் தோள்கள் குலுங்கின. சபையில் எல்லோரும் கூவும் ஸ்தோத்திரத்தை அம்மா அன்று கூவவில்லை. உதட்டுக்குள் சொன்னார், திரும்பத் திரும்ப, தண்ணீர் கிடைத்தவர் குடிப்பது போல. என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் கையுறை என் கண்ணீரில் நனைந்தது. நானும் ஆனந்தத்தில்தான் அழுகிறேன் என்று நினைத்தார்.

எழுந்து மூக்கைத் துடைத்தார். தரையில் கிடந்த துணியைப் பார்த்தார்.

"பாரு, யாரோ கீழ போட்டிருக்காங்க."

"மா, அது இருக்கட்டும்."

"பாவம், தனியா இருக்கட்டும் கர்த்தரோட." துணியை உதறினார். மடிப்பு நீவினார். பெட்டியின் மேல் பரப்பி, முன்பக்கம் நன்றாக இழுத்துவிட்டார், மேலே சத்தம் வெளியேறும் மரச்சட்டங்கள் எல்லாம் மறையும்படி. ஓரத்தைக் கழுத்துக்குக் கீழே சொருகுவது போலச் சொருகினார். குழந்தையைத் தூங்கவைக்கும் கைகள்.

தடுக்க வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும்.

சொல்லவில்லை. ஓடிப்போய் ஆர்கனின் சுவிட்சை அணைத்தேன். ஆர்கனையும் பெட்டியையும் இணைக்கும் தடித்த கம்பியைப் பிடுங்கி எடுத்தேன். வால்வுகள் கறுத்தன. சுழற்சி தளர்ந்து நின்றது. முனகல் ஓய்ந்தது.

"வா, கீழ போலாம். ஜனங்க காத்திருக்காங்க," என்று அம்மா வாசலைப் பார்த்து நடந்தார். இத்தனை மாதத்தில் அவர் நடையில் அப்படி ஒரு இலகு இல்லை.

நான் கம்பியைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தேன்.

துணி உள்ளே போயிற்று.

சட்டங்களுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, உறிஞ்சியது போல் குழிந்தது.

வெளியே உப்பியது.

மறுபடி குழிந்தது.

"ரெனி, வரியா?"

"வரேன் மா. நீ போ. விளக்க அணைச்சுட்டு வரேன்."

அவர் கடைசிப் படி இறங்கும் வரை காத்திருந்தேன். பிறகு இரண்டு கையாலும் அந்தத் துணியைப் பிடித்து இழுத்து எறிந்தேன். எடுத்துட்டேன்டா, எடுத்துட்டேன், மூச்சு விடு. கூடம் முழுக்க ஒரு நீண்ட பெருமூச்சு போனது. ரயில் எதுவும் வரவில்லை.

இப்போது நான் ஒவ்வொரு ஞாயிறும் சபைக்குப் போகிறேன். பாஸ்டர் ட்ராமெல் பிரசங்கத்தில் என்னைக் காட்டி, வழிதவறிய ஆடு வீடு திரும்பியது என்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் முதல் தபால்காரர் வரை அம்மா சொல்லிவிட்டார், ரெனி கர்த்தரிடம் வந்துவிட்டாள், ஒரே வருடத்தில் இரண்டு பிள்ளைகளும் கிடைத்துவிட்டார்கள் என்று. புது ஆர்கனிஸ்ட் நல்ல பையன். "சிஸ்டர், மேல் சத்தம் கொஞ்சம் மந்தமா இருக்கே, கூட்டலாமா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டான். அதுதான் இந்தப் பெட்டியின் சமநிலை, திருகைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்றேன். சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

பெட்டியை உடைத்துப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். உள்ளே ஆள் இருக்கும்போது வீட்டை இடிப்பார்களா?

ஆராதனை முடிந்ததும் அம்மா தன் கையால் துணியைப் போர்த்திவிட்டு, பெட்டியை முத்தமிட்டுவிட்டுக் கீழே போவார். எல்லோரும் இறங்கும் வரை ஏதாவது சாக்குச் சொல்லி நின்றிருந்து நான் எடுப்பேன். ஒவ்வொரு வாரமும் ஒரே இடத்தில் ஈரம். தொட்டால் இன்னும் சூடு.

போன வாரம் துணியை எடுத்த பிறகு மேல் பின்பலகையையும் கழற்றிப் பார்த்தேன். தொண்டை உள்ள கூம்பில் தூசிதான் படிந்திருந்தது, வறண்ட தூசி.

எதிரே, எந்தக் காலத்திலும் ஒரு சத்தம் வந்திராத, அடைபட்ட அந்த ஊமைக் கூம்பின் வாய் நனைந்திருந்தது. விளிம்பில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் துளி மெல்ல உள்ளே இழுக்கப்பட்டது.